எயிற்பட்டினமும் நூற்காப்பும்

பத்துப்பாட்டுள் மூன்றாவதாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. 269 அடிகளான் இயன்றது. இதனை இயற்றிய நல்லூர் நத்தத்தனார் இடைக்கழிநாட்டினர். மரக்காணத்திற்கு வடக்கே கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடைப்பட்டுக் கிடக்கும் அந்நிலப்பகுதி இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றது. பரிசில் நாடிச் செல்லும் பாணன் நல்லியக்கோடன் நாட்டில் முதற்கண் எய்தும் ஊர் எயிற்பட்டினம். இதனை இன்றைய மரக்காணம் என அறிஞர் பலர் கொள்வர். கிரேக்கக் கடற்பயண நூலாகிய பெரிப்புளூசு குறிக்கும் சோபட்மா என்னும் துறையும் இதுவே என்பாருளர். சோ, எயில் என்னும் இருசொல்லும் மதிலைக் குறித்தலின் அக்கருத்துப் பொருத்தமுடையதாகத் தோன்றுகின்றது.

உப்பளங்களாற் பெயர்பெற்ற இக்கரையின் பழமையை ஆராய்வார்க்கு இப்பாட்டு ஒரு தலையாய சான்று. இதில் வரும் உமணர் காட்சி கொற்கையைச் சார்ந்தது, எயிற்பட்டினத்தைச் சார்ந்ததன்று. இத்தகைய வேறுபாட்டைத் தெளிதற்கும் திருந்திய பதிப்பு நம் கையில் இருத்தல் வேண்டும். அப்பதிப்பு நமக்குக் கிடைத்த வரலாற்றை ஆராய்ந்து, பதிப்புக்கும் நூலகத்துக்கும் உள்ள தொடர்பினைத் தெளிவுறுத்துதலே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சுக்கலை தமிழகத்திற்குப் பிந்தி வந்ததன்று. தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு முதலியோர் 1713இல் தமிழ் அச்சுக்கூடம் நிறுவினர். மரக்காணத்திற்குத் தெற்கே அணித்தாயுள்ள புதுச்சேரியை ஆங்கிலேயர் 1761இல் கைப்பற்றியபொழுது, ஆங்கிருந்த அச்சுப்பொறி சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு வேப்பேரியில் பப்ரிசியசிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வெளிவந்தது. அச்சுக்கூடம் நடத்துதற்கு இருந்த தடைகள் 1835இல் நீங்கின. ஆயினும் பத்துப்பாட்டு அச்சேறியது 1889இல்தான். முதல் தமிழ் அச்சு நூலுக்கும் இதற்கும் இடையே 311 ஆண்டுகள் கழிந்தன.

இக்காலத்தாழ்வுக்குக் காரணம் யாது? தொடக்கத்தில் பொறிகள் சமயப் பரப்புநர் கையிலும் அரசினர் கையிலும் இருந்தமை ஒரு காரணம். பின்னர்ப் புலவர்கள் அச்சுத்துறையிற் புகுந்தபொழுது இலக்கணங்களும் சமய நூல்களும் நீதி நூல்களுமே முற்பட அச்சாயின. சங்கச் செய்யுட்களைப் பாடஞ் சொல்லும் மரபு அருகியிருந்தது. மற்றொரு காரணம் இவற்றினும் பெரிது. பழம்பாட்டினைப் பதிப்பிப்பதற்கு ஒரு படி போதாது; பல சுவடிகளை ஒப்புநோக்கல் வேண்டும். அச்சுவடிகளோ மடங்களிலும் கோயில்களிலும் புலவர் இல்லங்களிலும் சிதறிக் கிடந்தன. எங்கே எது உள்ளது என அறிதற்கு அட்டவணையில்லை.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் சென்று தேடியது இக்குறையாலேயாம். திருவாவடுதுறை மடத்து ஏட்டுத்தொகுதி அவர்க்குப் பெருந்துணையாயிற்று. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலோ, பழஞ்சுவடிகள் ஓமத்தீயில் இடப்பட்டன என்ற செய்தியே கிடைத்தது. பத்துப்பாட்டின் மூலம் தனியே கிட்டாமையின், நச்சினார்க்கினியர் உரையினின்றே அதனைப் பிரித்தெடுக்க வேண்டியவரானார். ஆகவே, ஒரு மடத்தின் நூற்காப்பு பதிப்பினை ஈன்றதும், ஒரு கோயிலின் காப்பின்மை பதிப்புக்கு இடமில்லாமற் செய்ததும் ஒருவர் வாழ்விலேயே நிகழ்ந்தன. பதிப்புக்கு முன்னரே நூலகம் வேண்டப்படுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

பதிப்புக்குப் பின்னரும் அது வேண்டப்படும். அச்சேறிய நூலும் தாளின் நலிவாலும் செல்லாலும் அழியும். இதனை உணர்ந்தே, சாமிநாதையர் மறைந்த மறுஆண்டாகிய 1943இல் அவர் திரட்டிய சுவடிகளும் நூல்களும் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்திற் சேர்க்கப்பட்டன. பத்துப்பாட்டுள் முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை கண்ட மறைமலையடிகளின் நூற்றொகுதியைக் கொண்டு, 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையத்தை அமைத்தது சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம். பதிப்பகமே நூலகம் கண்ட இச்செயல் கருதத்தக்கது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் பெருந்தொகுதியும், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பெற்றுச் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று.

தனியார் ஆர்வத்தை மட்டும் நம்புதல் தகாது எனக் கண்ட அரசும் சட்டத்தால் இதற்கு வழிசெய்தது. சீ. இரா. அரங்கநாதனாரின் முயற்சி துணைநிற்க 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப்பின் இந்தியாவில் எழுந்த முதல் நூலகச் சட்டமாகும். 1954ஆம் ஆண்டு நூல் வழங்கற் சட்டம், வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் கல்கத்தாத் தேசிய நூலகத்திற்கும் பிற மூன்று பொது நூலகங்கட்கும் பதிப்பாளர் அளித்தல் வேண்டும் என விதித்தது. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் அம்மூன்றனுள் ஒன்று. படிகளைப் பல இடத்தில் வைத்தலின் இன்றியமையாமையை 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்ட கொடுமை உணர்த்திற்று. வேறிடத்துப் படியுள்ள நூல்களை மீண்டும் பெறலாம்; ஆங்கே மட்டும் இருந்த ஏடுகளை எவரும் மீட்க இயலாது.

இவற்றை நோக்கின், பதிப்பு நூலகத்தினின்று தோன்றி நூலகத்தாலேயே நிலைபெறுகின்றது என்பது எம் துணிபு. ஆய்வு மாணவர் பழம்பதிப்பொன்றை எடுத்தாளும்பொழுது, பதிப்பாண்டோடு அப்படி இருந்த நூலகத்தையும் குறித்தல் நலம். அரிய படி எங்குள்ளது என்பது அதனாற் பதிவாகும். பின்வருவோர் சாமிநாதையரைப்போல் ஊர்தோறும் அலைய நேராது. எயிற்பட்டினத்தின் பெயரை நத்தத்தனார் பாட்டில் நாம் இன்றும் கற்கின்றோம் எனின், அது பெயரறியா ஏடு காப்போர் பலரின் உழைப்பாலாயதாம்.