களஞ்சியத்தின் சாவி யாரிடம்?

ஒரே கட்டுரையை இருவர் ஒரே வேளையில் திருத்தினால் என்ன நேரும் என்பது பத்திரிகையொன்றின் ஆசிரிய பீடத்தில் இருந்த எவருக்கும் தெரியும். ஒருவர் வெட்டி எறிந்த பந்தியை மற்றவர் செப்பனிட்டுக்கொண்டிருப்பார். ஒப்புநோக்குநரின் கைக்குப் போகவேண்டிய பிரதி எது என்பதில் குழப்பம் மூளும். இறுதியில் அச்சேறியது மட்டுமே எஞ்சும். இடையில் யார், எதை, ஏன் மாற்றினார் என்பதற்குச் சான்று இராது.

கணினிக்கு நிரல் எழுதுவோருக்கும் இதே தொல்லை இருந்தது. அதற்கு அவர்கள் கண்ட தீர்வே பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை. கோப்புகளையும் அவற்றில் நிகழ்ந்த மாற்றங்கள் அனைத்தையும் தேதி, பெயர், காரணம் ஆகியவற்றுடன் சேமிக்கும் இடத்தைக் களஞ்சியம் என்பர். அக்களஞ்சியத்தின் சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்ற கேள்விதான் இந்த வரலாற்றை நகர்த்திச் சென்றது.

1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொச்கைண்ட் என்பவர் எஸ்.சி.சி.எஸ். என்ற முறைமையை உருவாக்கினார். பத்தாண்டுகள் கழித்து, பேர்டியூ பல்கலைக்கழகத்தில் வோல்ட்டர் டிஹி, ஆர்.சி.எஸ். என்ற முறைமையை அமைத்தார். அது கடைசிப் பிரதியை முழுமையாக வைத்துக்கொண்டு, பழைய பிரதிகளை வேறுபாடுகளாக மட்டும் சேமித்தது. இவ்விரண்டிலும் ஒருவர் கோப்பொன்றைத் திருத்தத் தொடங்கினால் அது பூட்டப்படும். அவர் பூட்டைத் திறக்க மறந்து விடுமுறையில் போய்விட்டால் ஏனையோர் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தப் பூட்டை உடைத்தவர் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த டிக் குரூனெ. அவரும் அவருடைய மாணவர் இருவரும் ஒரே மென்பொருளில் வேலைசெய்தனர். மூவரின் நேரமும் ஒத்துவரவில்லை. ஆகவே எல்லோரும் ஒருங்கே திருத்தவும், பின்னர் திருத்தங்களை இணைக்கவும் இடந்தரும் சி.வி.எஸ். என்ற முறைமையை அவர் 1986இல் வெளியிட்டார். அதன் குறைகளைத் தீர்க்கும் நோக்குடன் 2000இல் தொடங்கப்பட்ட சப்வேர்ஷன், 2004இல் முதற்பதிப்பாக வெளிவந்தது.

எனினும் இவற்றில் வரலாறு முழுவதும் ஒரே மையக் களஞ்சியத்தில்தான் கிடந்தது. அதனை நிறுவவும், யார் எழுதலாம் என்று தீர்மானிக்கவும் நிருவாகி ஒருவர் வேண்டும். மற்றவர்களின் கணினிகளில் இருந்தவை வேலைப் பிரதிகள் மட்டுமே. மையம் அழிந்தால், காப்புப்பிரதி இல்லாதவிடத்து, வரலாறும் அழியும்.

இதன் அபாயத்தை உலகுக்கு உணர்த்தியது லினக்ஸ். 1991இல் லினஸ் டொர்வால்ட்ஸ் தொடங்கிய இந்த இயங்குதளக் கருவுக்கு 2002 வரை முறையான களஞ்சியமே இருக்கவில்லை. திருத்தங்கள் மின்னஞ்சலில் வந்தன. அவற்றை அவரே சேர்த்துக்கொண்டார். அவ்வாண்டில் அவர் பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளுக்கு மாறினார். லாரி மெக்வோயின் நிறுவனம் அதனைக் கட்டணமின்றித் தந்தது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் இருந்தன. இலவசமாகப் பயன்படுத்துவோர் அதற்குப் போட்டியான கருவி எதனையும் உருவாக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. சுதந்திர மென்பொருளின் வரலாற்றைப் பிறருடைய பெட்டகத்தில் வைப்பதா என்று ரிச்சர்ட் ஸ்டோல்மன் போன்றோர் கண்டித்தனர்.

அந்த அச்சம் 2005 ஏப்ரலில் மெய்யானது. அவுஸ்திரேலிய நிரலாளர் அன்ட்ரூ டிரிஜெல், பிட்கீப்பர் சேவையகத்துடன் உரையாடவல்ல சிறு கருவியொன்றை எழுதியிருந்தார். தகராறு முற்றியது. இலவச அனுமதி மீளப்பெறப்பட்டது.

டொர்வால்ட்ஸ் ஏப்ரல் 3ஆம் திகதி புதிய கருவியொன்றை எழுதத் தொடங்கினார். 7ஆம் திகதி அது தன் மூலநிரலைத் தானே காக்கத் தொடங்கியது. அதுவே கிட். ஜூன் 16இல் வெளியான லினக்ஸ் 2.6.12 கிட்டின் துணையுடன் வந்தது. ஜூலையில் கிட்டின் பராமரிப்பை ஜூனியோ ஹமானோவிடம் அவர் ஒப்படைத்தார். ஆயினும் இடப்பெயர்வுக்கு விலை ஒன்று இருந்தது. புதிய களஞ்சியம் பழைய வரலாற்றைச் சுமக்காமலே தொடங்கியது. பிட்கீப்பர் காலத்துப் பதிவுகள் வேறொரு களஞ்சியமாகவே பின்னர் வைக்கப்பட்டன.

கிட்டில் களஞ்சியம் அமைக்க நிருவாகியின் தயவு வேண்டியதில்லை. ஒற்றைக் கட்டளையில் நமது கோப்புறைக்குள்ளேயே மறைவாக அது உருவாகும். பிறருடைய களஞ்சியத்தைப் படியெடுத்தால் அதன் வரலாறும் உடன் வருகிறது. ஒவ்வொரு பதிவுக்கும், அதன் உள்ளடக்கத்திலிருந்தும் முந்திய பதிவிலிருந்தும் கணிக்கப்படும் அடையாள எண் உண்டு. பழைய பதிவு ஒன்றை எவரேனும் மாற்றினால் அதன்பின் வரும் எண்கள் அனைத்தும் மாறிவிடும்.

இதன் பெறுமதி 2011 ஓகஸ்டில் தெரிந்தது. லினக்ஸ் மூலநிரலை வெளியிடும் தளத்தின் சேவையகங்களுக்குள் ஊடுருவல் நிகழ்ந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. தளம் ஒரு மாதத்துக்கும் மேலாக முடங்கியது. ஆயினும் எண்ணற்ற நிரலாளர்களின் கணினிகளில் முழு வரலாறும் இருந்தது. களவாக ஓர் எழுத்தை மாற்றினாலும் எண்கள் காட்டிக்கொடுத்துவிடும். டொர்வால்ட்ஸ் தமது களஞ்சியத்தைத் தற்காலிகமாக கிட்ஹப் தளத்தில் வைத்து வேலையைத் தொடர்ந்தார்.

ஆனால் மனிதர் மீண்டும் ஓரிடத்தில் குவிவதையே விரும்புகின்றனர். 2008இல் தொடங்கிய அதே கிட்ஹப் உலகின் மென்பொருட் சந்தையாக வளர்ந்தது. 2018இல் மைக்ரோசொப்ட் அதனை 750 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2019இல் அமெரிக்காவின் பொருளாதாரத் தடைகளைக் காட்டி, ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களிலிருந்த பயனர்களின் கணக்குகள் கட்டுப்படுத்தப்பட்டன. ஈரானியருக்கு முழுச் சேவையும் திரும்பக் கிடைத்தது 2021 ஜனவரியில்தான். தம் கணினியில் பிரதி வைத்திருந்தோர் அதிலிருந்து தொடரமுடிந்தது. தளத்தை மட்டுமே நம்பியிருந்தோர் கதவடியில் நின்றனர்.

இங்கே நிருவாகிகள் மறக்கலாகாத ஒன்றுண்டு. பிரதியோடு வருவது நிரலின் வரலாறு மட்டுமே. தளத்தில் நடந்த விவாதங்கள், வழு முறைப்பாடுகள், யாருக்கு எழுத அனுமதி என்ற விபரங்கள் அதில் அடங்கா. பிரதியும் கடைசியாகப் புதுப்பித்த நாள் வரையிலான வரலாற்றையே அறியும். ஆகவே வேறொரு நிறுவனத்தின் அல்லது வேறொரு நாட்டின் சேவையகத்தில் இரண்டாவது களஞ்சியம் ஒன்றை வைத்து, அதனைத் தவறாமல் புதுப்பித்து வருவதே விவேகம்.

பிட்கீப்பர் 2016இல் திறந்த மூலநிரலாக வெளியிடப்பட்டது. பூட்டிவைத்த கதவைத் திறந்தபோது உள்ளே வர விரும்புவோர் அநேகமாக எவருமில்லை. பதினொரு ஆண்டுகளுக்கு முன்னரே அவர்கள் தத்தம் வீட்டில் களஞ்சியம் கட்டிக்கொண்டுவிட்டார்கள்.