சாய்வுக் கோணமும் டயர் தேய்மானமும்

சாய்வுக் கோணம் என்பது, வளைவில் திரும்பும் மோட்டார் சைக்கிள் நிலைக்குத்துக் கோட்டிலிருந்து பக்கவாட்டில் சாயும் அளவு. டயர் தேய்மானம் என்பது, சாலையோடு உராய்வதால் டயரின் மேற்பரப்பு ரப்பர் படிப்படியாகக் கரைவது. டயரின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் சாலையைத் தொடுகிறது என்பதைச் சாய்வே தீர்மானிப்பதால், தேய்ந்த டயரின் வடிவத்தைக் கொண்டு அந்த வண்டி எத்தகைய சாலைகளில் ஓடியது என்று அறியலாம். அவ்வாறு மாறிய வடிவம் பின்னர் வண்டி சாயும் விதத்தையே மாற்றுகிறது. கடலோரச் சமவெளியில் அமைந்த சென்னை நகரமும், அதற்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடமும் இந்த உறவின் இரு எதிர்முனைகளாக அருகருகே அமைந்துள்ளன.

சாய்வின் இயற்பியல்

வளைவில் செல்லும் வண்டியை வெளிப்புறமாகக் கவிழ்க்க முனையும் விளைவை, உட்புறமாகச் சாய்ந்த அதன் எடை ஈடுசெய்யும்போது சமநிலை ஏற்படுகிறது. வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கிவந்த மதிப்பால் வகுத்தால், சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு கிடைக்கும். இச்சமன்பாட்டில் நிறை இடம்பெறாததால், ஒருவர் ஏறிய வண்டிக்கும் இருவர் ஏறிய வண்டிக்கும் கோட்பாட்டளவில் ஒரே சாய்வுதான் தேவைப்படுகிறது. வேகம் இருமடியில் வருவதால் அதன் தாக்கம் பெரிது: 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 23 பாகை சாய்வு போதும், அதே வளைவில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு 33 பாகை தேவைப்படும்.

இக்கணக்கு டயரை மெல்லிய தகடாகக் கொள்கிறது. உண்மையில் டயர் அகலமானது. வண்டி சாயச் சாய, தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்வதால், கணக்கிட்டதைவிடச் சில பாகைகள் கூடுதலாகவே சாய வேண்டியிருக்கும். டயர் எவ்வளவு அகலமோ அந்த அளவுக்கு இக்கூடுதலும் பெரிதாகும். பந்தய ஓட்டுநர்கள் இருக்கையிலிருந்து உட்புறமாக இறங்கித் தொங்குவது, மொத்த ஈர்ப்பு மையத்தை உள்ளே நகர்த்தி, அதே வேகத்தில் வண்டி சாயும் அளவைக் குறைப்பதற்காகவே.

வளைவில் தேய்மானம் நிகழும் முறை

சாய்ந்த டயரின் தொடுபரப்பு கூம்பின் ஒரு துண்டைப் போன்றது. வாய் அகன்ற எவர்சில்வர் டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டினால் அது நேராகச் செல்லாமல் வட்டமடிப்பதைப் போல, சாய்ந்த டயரும் தானாகவே வளைவின் உட்புறமாகத் திரும்ப முனைகிறது. இவ்வாறு எழும் பக்கவிசை சாய்வு உந்துவிசை எனப்படும். தொடுபரப்பின் உள்விளிம்பு சிறிய சுற்றளவும் வெளிவிளிம்பு பெரிய சுற்றளவும் கொண்டிருப்பதால், இரண்டும் ஒரே சுழற்சியில் ஒரே தூரத்தைக் கடக்க இயலாமல் ரப்பர் சிறிதளவு வழுக்குகிறது. இந்த வழுக்கலோடு பிரேக் விசையும் எஞ்சின் விசையும் சேரும்போது டயரின் தோள்பகுதி, அதாவது நடுவுக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட பகுதி, விரைந்து தேய்கிறது. டயர் தரக்கூடிய மொத்தப் பிடிப்பு வரம்புடையது. திரும்புவதற்கு அதில் பெரும்பங்கு செலவாகும்போது பிரேக்குக்கு எஞ்சுவது குறைவு. சாய்ந்த நிலையில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்குவதற்கு இதுவே காரணம்.

நகரச் சாலைகளில்

சென்னையின் மையப் பகுதியிலும் தென்பகுதியிலும் ஓடும் வண்டிகளுக்குச் சாயும் வாய்ப்பு அரிது. மெரினாவை ஒட்டிய காமராஜர் சாலையும் அடையாற்றிலிருந்து கிண்டி செல்லும் சர்தார் படேல் சாலையும் பெரும்பாலும் நேரானவை, தி. நகரின் உஸ்மான் சாலையிலும் பனகல் பூங்காவைச் சுற்றியும் நெரிசல் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. மயிலாப்பூர் மாட வீதிகளின் செங்கோண முனைகளில் 6 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினாலும் சாய்வு சுமார் 16 பாகை வரை வரும் என்றாலும், அது ஓரிரு நொடிகளே நீடிக்கும். எஞ்சிய நேரமெல்லாம் சிக்னலில் நிற்பதும் கிளம்புவதுமாகக் கழிவதால், எஞ்சின் விசையைத் தாங்கும் பின்டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிறது. தோளில் புதுக் கருக்கோடு பட்டன்கள், அதாவது டயரின் ரப்பர் மேடுகள், நிற்க, நடு மொட்டையாகிவிடும். நான்கு இதழ் வடிவக் கத்திப்பாரா மேம்பாலம் போன்ற சில இடங்களிலேயே நீண்ட, தொடர்ந்த வளைவு அமைகிறது. இந்தியாவில் போக்குவரத்து இடப்பக்கமாகச் செல்வதால், அங்குள்ள சுற்றுப்பாதைகளில் வண்டி இடப்பக்கமே சாய்கிறது.

நடு தட்டையான டயரின் குறுக்குவெட்டில், தட்டைப் பரப்பு முடிந்து தோள் தொடங்கும் இடத்தில் ஒரு முனை உருவாகிறது. வண்டி முதலில் சாய மறுத்து, அம்முனையைத் தாண்டியதும் திடீரென்று விழுவதுபோல் சாய்கிறது. நகருக்குள் பெரிதாகப் புலப்படாத இக்குறை, 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரிச் சாலையிலோ 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையிலோ வெளிப்படும். ஈரமான வெள்ளைக் கோடுகள், பாதாளச் சாக்கடை மூடிகள், கட்டுமானப் பகுதிகளில் பதிக்கப்படும் இரும்புத் தகடுகள், கடற்கரையோரச் சாலைகளில் படியும் மணல் ஆகியவற்றின் மேல் உராய்வு குறைவதால், குறைந்த சாய்விலேயே டயர் வழுக்கக்கூடும்.

பந்தயத் தடத்தில்

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் நடந்த பந்தயங்களுக்குப் பின், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அதன் நிரந்தரத் தடம் 1990-இல் பயன்பாட்டுக்கு வந்தது. 3.717 கிலோமீட்டர் நீளமும் 12 திருப்பங்களும் கொண்ட இத்தடத்தில் டயரின் நடுவைவிடத் தோளே மிகுதியாக உழைக்கிறது. சாலை வண்டிக்காரர்களின் டயர் விளிம்பில் தேயாமல் எஞ்சும் பட்டை, ஓட்டுநர்களின் பேச்சில் ‘சிக்கன் ஸ்ட்ரிப்’ எனப்படுகிறது. தடத்தில் சில சுற்றுகளிலேயே அது மறைந்துவிடும்.

உலக மோட்டோ ஜிபி பந்தயங்களில் சாய்வு 60 பாகையைத் தாண்டுகிறது. ஜெர்மனியின் சாக்சன்ரிங் தடத்தில் இடத் திருப்பங்களே மிகுதி. டயரின் வலத்தோள் குளிர்ந்து இறுகிவிடுவதால், தொடர் இடத் திருப்பங்களுக்குப் பின் வரும் வலத் திருப்பத்தில் ஓட்டுநர்கள் விழுவதுண்டு. இதனால் இரு தோள்களிலும் வெவ்வேறு கடினமுள்ள ரப்பரைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டானது. 2013-இல் ஆஸ்திரேலியாவின் பிலிப் ஐலண்டில் புதிதாகப் போட்ட தளத்தில் டயர்கள் தாங்காததால், பந்தய தூரம் குறைக்கப்பட்டு, நடுவில் வண்டி மாற்றுவது கட்டாயமாக்கப்பட்டது.

தயாரிப்பும் விதிகளும்

1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் தயாரிக்கும் சிறு பட்டறையாகத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, இன்றைய எம்.ஆர்.எஃப்., பின்னர் டயர் உற்பத்தியில் இறங்கிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது. டயர் வடிவமைப்பில் இரு தேவைகள் மோதுகின்றன: கெட்டியான ரப்பர் நீண்ட நாள் உழைக்கும், மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும். நடுவில் கெட்டியும் தோள்களில் மென்மையுமாக அமைக்கும் இருகலவை டயர்கள் இம்மோதலுக்குக் கண்ட சமரசம்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இருசக்கர வாகன டயரின் பள்ள ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்துக்குள் உள்ள சிறு மேடு டயரின் மேற்பரப்போடு சமமாகும்போது இவ்வெல்லை எட்டியதாகக் கொள்ளப்படும். இவ்விதி ஆழத்தை மட்டுமே அளக்கிறது, வடிவத்தை அளப்பதில்லை. ஆகவே நகரச் சாலையில் நடு தட்டையான ஒரு டயர், சட்டப்படி தகுதியுள்ளதாக இருக்கும்போதே, சாய்வதற்குரிய உருண்டை வடிவத்தை இழந்திருக்க முடியும்.