மோவா-நாலோ

மோவா-நாலோ என்பது பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளில் வாழ்ந்து அற்றுப்போன, பறக்க இயலாத பெரிய வாத்துகளின் குழுவாகும். ஹவாய் மொழியில் 'மோவா' என்றால் கோழி. 'நாலோ' என்றால் மறைந்துபோனது. தீவு மக்கள் இவற்றுக்கு இட்டிருந்த பெயர் வழக்கிலிருந்து மறைந்துவிட்டதால், ஆய்வாளர்களான ஸ்டோர்ஸ் ஓல்சனும் ஹெலன் ஜேம்சும் 1991-இல் இப்பெயரைச் சூட்டினர்.

கண்டுபிடிப்பு

மொலோக்கை தீவின் மணல்மேடுகளில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, இக்குழுவின் முதல் இனத்தை 1976-இல் ஓல்சனும் அலெக்சாண்டர் வெட்மோரும் விவரித்தனர். பின்னர் மாவி, ஓவாஹு, கவாய் ஆகிய தீவுகளிலும் எலும்புகள் கிடைத்தன. இதுவரை 3 பேரினங்களைச் சேர்ந்த 4 இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. எலும்பிலிருந்து பிரித்தெடுத்த மரபணுவை ஆராய்ந்தபோது, இவை நீர்நிலைகளில் காணப்படும் சாதாரண வாத்துகளின் உறவினம் என்பது 1999-இல் தெரியவந்தது.

உடலமைப்பும் உணவும்

பறந்து தப்ப வேண்டிய தேவை இல்லாததால் இவற்றின் இறக்கைகள் சிறுத்தன, கால்கள் பருத்தன. கவாய் தீவில் வாழ்ந்த இனத்தின் அலகு ஆமையின் வாயை ஒத்திருந்தது. மற்ற இனங்களின் அலகில் பல் போன்ற புடைப்புகள் இருந்தன. மாவி தீவில் கிடைத்த பழைய எச்சங்கள், இவை பெரணி முதலிய தாவரங்களின் இலைகளைத் தின்றதைக் காட்டுகின்றன.

ஹவாயில் மேயும் பாலூட்டிகள் இயற்கையாக இருந்ததில்லை. ஆடும் மானும் வேறு நிலங்களில் செய்த வேலையை அங்கு இப்பறவைகள் செய்தன. அத்தீவுகளுக்கே உரிய சயானியா செடிகளில் சில, இளம் பருவத்தில் முட்களோடு வளர்கின்றன. உயர்ந்தபின் முள்ளில்லா இலைகளை விடுகின்றன. மேயும் விலங்கே இல்லாத நாட்டில் முள் எதற்கு? மோவா-நாலோவின் அலகிலிருந்து தப்பவே இம்முட்கள் தோன்றியிருக்கலாம் என்று தாவரவியலாளர்கள் கருதுகின்றனர்.

அழிவு

ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன் பொலினீசியர்கள் ஹவாயில் குடியேறினர். அவர்களுடன் பன்றி, நாய், எலி ஆகியவையும் வந்தன. தரையில் முட்டையிட்டு, பகைவரை அறியாமல் வாழ்ந்த பறவைகளால் வேட்டையையும் இவ்விலங்குகளையும் தாங்க முடியவில்லை. 1778-இல் கேப்டன் ஜேம்ஸ் குக் அங்கு வந்தபோது ஒரு மோவா-நாலோகூட எஞ்சியிருக்கவில்லை.

தீவுப் பறவைகளின் அழிவு ஐரோப்பியர் வருகையோடுதான் தொடங்கியது என்ற எண்ணத்தை இந்த எலும்புகள் மாற்றின. எனினும் அழிவு அத்தோடு நிற்கவில்லை. கவாய் தீவின் 'ஓ-ஓ' பறவையின் குரல் கடைசியாகக் கேட்டது 1987-இல்தான். மோவா-நாலோவின் குரலோ எவர் நினைவிலும் இல்லை; செடிகளில் முட்கள் மட்டும் இன்றும் முளைக்கின்றன.