அக்கிலீஸ் கழகத்து ஓட்டவீரர்கள்

ஓட்டப் பந்தயம் தனி ஒருவனின் கால்களும் மூச்சும் நிகழ்த்துவது. பந்தாட்டத்தில் ஒருவர் தவறவிட்டதை மற்றொருவர் ஈடுசெய்யலாம். ஓடுகளத்தில் அதற்கு இடமில்லை. மேலும், நூறு மீட்டர் ஓடுகிறவனும் ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவனும் வெவ்வேறு உடற்கட்டும் வெவ்வேறு பயிற்சியும் உடையவர்கள். இவன் பந்தயம் பத்து விநாடியில் முடிந்துவிடும். அவன் பந்தயம் கால்மணி நேரம் நீளும். அங்ஙனமாயின் இவர்களுக்கு ஒரு கழகம் எதற்கு என்னும் வினா நமக்கு எழுவது இயல்பே. அதற்குரிய விடையை இங்கிலாந்து நாட்டு அக்கிலீஸ் கழகத்தின் வரலாற்றில் காண்கிறோம். ஊரை விட்டு வந்து, வேற்று ஊரில் சங்கம் அமைத்து வாழும் நமக்கு அவ்வரலாறு முற்றிலும் அயலானதன்று.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரண்டும் பழம்பெரும் பல்கலைக் கழகங்கள். கல்வியில் போலவே விளையாட்டிலும் அவற்றினிடையே நெடுங்காலப் போட்டி உண்டு. அவ்விரண்டின் மாணவர்களும் ஓட்டத்திலும் தாண்டுதலிலும் எதிரெதிராக மோதும் ஆண்டுப் போட்டி 1864 ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. ஆயினும் ஒரு குறை இருந்தது. பட்டம் பெற்று வெளியேறிய இளைஞன் வழக்கறிஞனாகவோ மருத்துவனாகவோ ஆசிரியனாகவோ எங்கோ ஓரூரில் அமர்ந்துவிடுவான். அவனுக்கு ஓடுகளமும் இல்லை, உடன் ஓடத் தோழரும் இல்லை. முதல் உலகப் போர் 1918 இல் முடிந்தபின், 1920 ஆம் ஆண்டில், இரு பல்கலைக் கழகங்களின் இந்நாள் மாணவரும் முன்னாள் மாணவரும் ஒருங்கே சேரும் வண்ணம் ஒரு கழகம் அமைந்தது. எதிரணிகளில் நின்றோர் ஓரணியில் நின்றனர். விரைந்த கால்களுக்குப் பெயர்பெற்ற கிரேக்கக் காப்பிய வீரன் அக்கிலீஸின் பெயரைக் கழகத்திற்குச் சூட்டினர்.

ஓர் உண்மையை இங்கே மறைப்பதற்கில்லை. இக்கழகத்தின் வாயில் எல்லார்க்கும் திறந்திருந்ததன்று. அக்காலத்தில் அவ்விரு பல்கலைக் கழகங்களிலும் பயின்றோர் பெரும்பாலும் செல்வக் குடும்பத்து ஆடவர். சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கும் ஆலைத் தொழிலாளியின் மகனுக்கும் அங்கே இடம் கிடைப்பது அரிது. ஆகவே அக்கழகத்தார் பெற்ற வெற்றிகளைப் போற்றும்போது, வாய்ப்பும் ஓய்வும் அவர்க்குத் துணை நின்றமையையும் நினைவில் கொள்ளுதல் முறையாகும்.

கழகம் தோன்றிய 1920 ஆம் ஆண்டிலேயே பெல்ஜியத்து ஆண்ட்வெர்ப் நகரில் ஒலிம்பிக் விழா நடைபெற்றது. ஆக்ஸ்போர்டில் பயின்ற பெவில் ரட், தென்னாப்பிரிக்காவின் சார்பில் 400 மீட்டர் ஓட்டத்தில் 49.6 விநாடியில் முதல்வரானார். அதே விழாவில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் வென்றவர் இங்கிலாந்தின் இரயில்வே ஊழியர் ஆல்பர்ட் ஹில். அவரை அடுத்து இரண்டாவதாக வந்தவர் கேம்பிரிட்ஜில் பயின்ற பிலிப் நோயல் பேக்கர். ஒரே கொடியின்கீழ் ஓடிய அவ்விருவருள் பட்டதாரி ஊழியருக்குப் பின்னே வந்தார். அப்பட்டதாரியே பிற்காலத்தில் படைக்கலக் குறைப்பிற்காக அயராது பாடுபட்டு, 1959 ஆம் ஆண்டில் சமாதானத்திற்கான நோபல் பரிசு பெற்றார்.

அடுத்த விழா 1924 இல் பாரிஸ் நகரில் நிகழ்ந்தது. கேம்பிரிட்ஜ் மாணவராயிருந்த ஹெரால்ட் ஆபிரகாம்ஸ் 100 மீட்டரை 10.6 விநாடியில் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். அவர் யூதர், அதன் காரணமாக ஏளனத்தை இளமையிலேயே அறிந்தவர். வெற்றியை எண்ணி அவர் ஊதியம் கொடுத்து சாம் முசாபினி என்னும் பயிற்சியாளரை அமர்த்திக்கொண்டார். பொழுதுபோக்காக ஓடுவதே கண்ணியம் என்று கருதிய அக்காலத்துப் பெரியோர் சிலர்க்கு இது பிடிக்கவில்லை. ஆயினும், அடி எடுத்து வைக்கும் அளவையும் கையசைவையும் நுணுகி ஆராய்ந்து திருத்திய அப்பயிற்சியே அவரை வெற்றிக்கு அழைத்துச் சென்றது. இரயில்வே ஊழியர் ஹில்லுக்குப் பயிற்சியளித்தவரும் அதே முசாபினிதான்.

அதே பாரிஸ் விழாவில் 800 மீட்டர் இறுதி ஓட்டத்தில் கேம்பிரிட்ஜ் இளைஞர் இருவர் ஓடினர். ஹென்றி ஸ்டாலர்டு முன்னின்று விரைவாக ஓடினார். இறுதியில் பின்தங்கி நான்காவதாக வந்தார். வென்றவர் அவருடைய தோழர் டக்ளஸ் லோ. ஸ்டாலர்டு 1,500 மீட்டரில் வெண்கலப் பதக்கம் பெற்று, பின்னர்ப் புகழ்வாய்ந்த கண் மருத்துவரானார். லோ 1928 இல் ஆம்ஸ்டர்டாம் நகரிலும் 800 மீட்டரில் வென்று, அவ்வெற்றியை இரண்டாம் முறையும் நிலைநாட்டிய முதல் வீரர் ஆனார். அவ்வாண்டே பர்லி பிரபு 400 மீட்டர் தடை ஓட்டத்தில் முதல்வரானார். 1932 இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆக்ஸ்போர்டின் டாமி ஹாம்ப்சன் 800 மீட்டரை 1 நிமிடம் 50 விநாடிக்குள் ஓடி முடித்து உலகச் சாதனை நாட்டினார்.

1936 இல் பெர்லின் நகரில் நிகழ்ந்ததோ இன்னும் சுவையானது. நியூசிலாந்தில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பயின்ற ஜாக் லவ்லாக், 1,500 மீட்டரை 3 நிமிடம் 47.8 விநாடியில் ஓடி உலகச் சாதனையோடு வென்றார். அவ்வோட்டத்தை வானொலியில் வருணித்தவர் ஆபிரகாம்ஸ். 1925 இல் நீளத் தாண்டுதலில் கால் முறிந்து அவர் ஓட்டத்தை விட நேர்ந்தது. ஆனால் ஓடுகளத்தை அவர் விடவில்லை. நண்பன் முந்துவதைக் கண்டதும் நடுநிலையை மறந்து மகிழ்ச்சியால் அவர் முழங்கிய குரல் வானொலி நேயர்கள் நெடுநாள் பேசிய செய்தியாயிற்று.

இனி, கழகத்தின் பெயரை என்றும் நிலைக்கச் செய்த மூவரைப் பற்றிக் கூறுவோம். ரோஜர் பானிஸ்டர் மருத்துவ மாணவர், ஆக்ஸ்போர்டுக்காரர். கிறிஸ்டோபர் சாட்டவேயும் ஆக்ஸ்போர்டுக்காரர். கிறிஸ் பிராஷர் கேம்பிரிட்ஜில் பயின்றவர். இம்மூவரும் 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தோற்றவர்கள். பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட பானிஸ்டர் 1,500 மீட்டரில் நான்காவதாக வந்தார். சாட்டவே 5,000 மீட்டரின் கடைசி வளைவில் இடறி விழுந்து, எழுந்து ஓடி, ஐந்தாவதாக வந்தார். பிராஷர் 3,000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் பதினொன்றாவது. தோல்வி மூவரையும் பிரிக்கவில்லை. மூவரும் ஒருங்கே பயிற்சி செய்யலாயினர். பிரான்ஸ் ஸ்டாம்ப்ஃபில் என்னும் பயிற்சியாளர் அவர்க்கு வழிகாட்டினார்.

அந்நாளில் ஒரு மைலை நான்கு நிமிடத்திற்குள் ஓடியவர் உலகில் எவருமில்லை. சுவீடன் நாட்டு குண்டர் ஹேக் 1945 இல் நாட்டிய 4 நிமிடம் 1.4 விநாடி என்னும் அளவே எல்லையாக நின்றது. ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டியும் அமெரிக்காவின் வெஸ் சாண்டியும் அவ்வெல்லையை நெருங்கிக்கொண்டிருந்தனர்.

1954 மே 6. காலையில் பானிஸ்டர் இலண்டன் மருத்துவமனையில் தம் கடமையை முடித்து, புகைவண்டியேறி ஆக்ஸ்போர்டு வந்தார். இஃப்லி சாலை ஓடுகளத்தில் காற்று கடுமையாக வீசிற்று. ஓடுவதா, விடுவதா என்று கடைசி அரைமணி வரை ஐயுற்றார். அருகிலிருந்த தேவாலயக் கோபுரத்துக் கொடி சற்றே அடங்கக் கண்டபின்னரே துணிந்தார். முதலில் பிராஷர் முன்னே ஓடினார். பின்வந்த பானிஸ்டர் இன்னும் விரைக என்று கூவினார். பிராஷரோ தம் வேகத்தை மாற்றவில்லை. முதற்சுற்று 57.5 விநாடியில் முடிந்தபோது, பிராஷர் கொண்ட அளவே சரியென்பது விளங்கிற்று. பாதிக்கு மேல் சாட்டவே முன்வந்து இழுத்துச் சென்றார். கடைசிச் சுற்றின் நடுவே பானிஸ்டர் அவரைக் கடந்து பாய்ந்து, கோட்டைத் தொட்டதும் துணைக்கு நின்றோர் கைகளில் சாய்ந்தார். நேரம் கணித்தோருள் ஒருவர், முப்பதாண்டுக்கு முன் பாரிஸில் வென்ற அதே ஆபிரகாம்ஸ். முடிவை அறிவித்தவர் ஆக்ஸ்போர்டின் முன்னாள் ஓட்டவீரர் நாரிஸ் மக்விர்ட்டர். அவர் ‘மூன்று நிமிடம்’ என்றதுமே எழுந்த ஆரவாரத்தில் எஞ்சிய எண்கள் கேட்கவில்லை. முடிவு 3 நிமிடம் 59.4 விநாடி.

தோழர் இருவர் வேகம் வகுத்துக் கொடுக்கப் பெற்ற சாதனை எங்ஙனம் ஒருவனுடையதாகும் என்று வினவியோர் உண்டு. அது புறக்கணிக்கத்தக்க வினா அன்று. நாற்பத்தாறு நாட்களில் லாண்டி பின்லாந்தில் அச்சாதனையை முறியடித்தார். பின்னர் அதே ஆண்டு ஆகஸ்டு 7 இல் கனடாவின் வான்கூவர் நகரில் இருவரும் நேருக்கு நேர் ஓடினர். அங்கே பானிஸ்டருக்கு வழிவகுத்துக் கொடுப்போர் எவருமிலர். கடைசி வளைவில் லாண்டி இடப்புறம் திரும்பிப் பார்த்த நொடியில் பானிஸ்டர் வலப்புறமாகக் கடந்து, 3 நிமிடம் 58.8 விநாடியில் வென்றார். வினாவிற்கு விடை அவ்வோட்டமே.

உதவிய இருவரும் வாழ்நாளெல்லாம் உதவியாளராகவே நின்றுவிடவில்லை. சாட்டவே 1954 அக்டோபர் 13 இல் இலண்டனில் ரஷ்ய வீரர் விளாடிமிர் குட்ஸை நூலிழையில் வென்று, 5,000 மீட்டரை 13 நிமிடம் 51.6 விநாடியில் ஓடி உலகச் சாதனை நாட்டினார். பிராஷர் 1956 இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தடைதாண்டும் ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். நார்வேயின் லார்சனுக்கு இடையூறு செய்தார் என்று நடுவர்கள் அவரை விலக்கினர். ஆனால் அதனால் தமக்குத் தீங்கில்லை என்று லார்சனே கூறினார். உடன் ஓடிய பிறரும் பிராஷரின் பக்கமே நின்றனர். தீர்ப்பு மாற்றப்பட்டது, தங்கப் பதக்கம் அவரை அடைந்தது.

பிராஷரின் பணி அத்துடன் முடியவில்லை. 1979 இல் நியூயார்க்கு நகரின் மாரதான் ஓட்டத்தில் கலந்துகொண்ட அவர், எல்லாத் தரத்து மக்களும் ஒரே தெருவில் ஓடக் கண்டு வியந்தார். நண்பர் ஜான் டிஸ்லியுடன் சேர்ந்து 1981 மார்ச்சு 29 இல் முதல் இலண்டன் மாரதான் ஓட்டத்தை நடத்தினார். 26 மைலுக்கும் மேற்பட்ட அத்தொலைவை ஆறாயிரவர்க்கும் மேற்பட்டோர் ஓடி முடித்தனர். ஆடவரோடு பெண்டிரும் ஓடினர். முன்னணியில் வந்த அமெரிக்கர் டிக் பியர்ட்ஸ்லியும் நார்வேயின் இங்கே சிமோன்சனும் ஒருவரையொருவர் முந்தாது, கைகோத்து ஒருசேரக் கோட்டைக் கடந்தனர். குறுகிய வாயிலையுடைய ஒரு கழகத்தில் வளர்ந்த ஒருவர், வாயிலே இல்லாத ஓர் ஓட்டத்தைத் தம் நகரத்திற்கு அளித்தார். இதனையே அவர் பெற்ற பதக்கங்களினும் மேலானதாக நாம் கருதுகிறோம்.

பானிஸ்டர் நரம்பியல் மருத்துவராகவும், சாட்டவே அமைச்சராகவும், பிராஷர் எழுத்தாளராகவும் வாழ்ந்தனர். பிராஷர் 2003 இலும், சாட்டவே 2014 இலும், பானிஸ்டர் 2018 இலும் மறைந்தனர். மூவரும் இறுதிவரை நண்பர்கள்.

தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு இப்பொழுது விடை கூறலாம். ஓடுவது தனியொருவனே. ஆனால் தோற்ற நாளில் அருகிருப்போரும், முன்னே ஓடி வழிகாட்டுவோரும், கையில் கடிகாரத்துடன் காத்து நிற்கும் முதியோரும் இல்லையேல் அவன் ஓட்டம் பாதியிலேயே நின்றுவிடும். இவர்களை ஓரிடத்தில் சேர்த்து வைப்பதே கழகத்தின் வேலை. நம் குடியிருப்பிலும் நூறு மீட்டர் ஓடுவோர் உளர். நெடுந்தொலைவு ஓடுவோரும் உளர். ஆண்டுதோறும் மாற்றலாகிச் செல்வோரும் புதிதாக வருவோரும் உளர். அவர்கள் அனைவர்க்கும் நம் சங்கத்தின் வாயில் அகலத் திறந்திருக்க வேண்டும். நேற்று ஓடியவர் இன்று கடிகாரம் பிடிக்கட்டும். இன்று முன்னே ஓடி உதவுகிறவர் நாளை தாமே வெல்லட்டும்.