மின்னதிர்ச்சியும் தாதியர் கரமும்: ஓர் அதிகார மாற்றத்தின் வரலாறு

மருத்துவ வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையும் அவற்றைக் கண்டறிந்தோரின் வரலாற்றையுமே எழுதியுள்ளனர். ஒரு கருவி யாருடைய கையில் இருத்தல் வேண்டும், அதனை இயக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்கள் அவ்வரலாறுகளில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஒழுங்கிழந்து நடுங்கும் இருதயத்தை மின்னதிர்ச்சியால் மீளத் துடிக்கச் செய்யும் ‘டிபிபிறிலேற்றர்’ என்னும் கருவி இவ்வகையில் ஆராயத்தக்கது. மனிதரில் அது முதன்முதல் வெற்றி கண்ட இடம் சத்திரசிகிச்சைக்கூடம். ஆயினும் அதன் பயன் முழுமையாக வெளிப்பட்டது அது தாதியர் கைக்கு மாறிய பின்னரேயாகும்.

இருதயம் செயலிழக்கும் வகைகளுள் ஒன்று இதயவறைகளின் நடுக்கமாகும். தசைநார்கள் ஒன்றுபட்டுச் சுருங்காது தனித்தனியே துடிப்பதால் குருதி வெளியே தள்ளப்படுவதில்லை. சில நிமிடங்களுள் மூளை பழுதடையும். சிறிய மின்னதிர்ச்சி இந்நடுக்கத்தைத் தோற்றுவிக்கும் என்பதையும், வலிய மின்னதிர்ச்சி அதனை நீக்கும் என்பதையும் 1899இல் ஜெனீவாவைச் சேர்ந்த பிரேவோ, பத்தெல்லி ஆகிய இருவரும் நாய்களிற் செய்த பரிசோதனைகளாற் கண்டனர். அவ்வுண்மை மனிதருக்குப் பயன்பட ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது.

1947இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிற் சத்திரசிகிச்சை நிபுணர் குளோட் பெக், குழிந்த மார்புடைய 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சை செய்தார். சிகிச்சை முடிவுறும் வேளையில் இருதயம் செயலிழந்தது. பெக் மூடிய மார்பை மீளத் திறந்து, 45 நிமிடங்கள் வரை இருதயத்தைக் கையாற் பிசைந்து குருதியோட்டத்தைக் காத்தார். பின்னர், தாம் ஆய்வுகளிற் பயன்படுத்திய மின்கருவியை இருதயத்தின் மீதே வைத்து அதிர்ச்சி கொடுத்தார். முதல் முயற்சி பயனளிக்கவில்லை. மருந்து கொடுத்தபின் செய்த மறுமுயற்சி வென்றது. சிறுவன் பிழைத்தான். 1950 முதல் பெக் கிளீவ்லாந்தில் வைத்தியருக்கும் தாதியருக்கும் உயிர்மீட்புப் பயிற்சி நடத்தியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

எனினும், திறந்த மார்பு வேண்டியிருந்தவரை இம்முறை சத்திரசிகிச்சைக்கூடத்தின் வாயிலைத் தாண்டுதல் அரிதாயிருந்தது. 1956இல் பொஸ்ரன் நகரிற் போல் சோல், மூடிய மார்பின் மேலாகவே அதிர்ச்சி கொடுத்து நடுக்கத்தை நீக்கலாமெனக் காட்டினார். 1960இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கபொக்கர் ஆகியோர், மார்பை வெளியிலிருந்து அழுத்திக் குருதியை ஓடச்செய்யும் முறையை வெளியிட்டனர். 1962இல் பேர்னாட் லவுண், ஆடலோட்டத்திற்குப் பதிலாகக் கொள்ளளவியிற் சேமித்த நேரோட்டத்தைப் பயன்படுத்தும் பாதுகாப்பான முறையை அறிமுகம் செய்தார். இவற்றின் பயனாக, கத்தியெடுக்காத கைகளும் இருதயத்தை மீட்கலாம் என்னும் நிலை உருவாயிற்று.

ஆனால் அக்கைகள் யாருடையவை? கன்சாஸ் மாநிலத்தில் வைத்தியர் ஹியூஸ் டே, கருவிகளை ஏற்றிய தள்ளுவண்டியுடன் நோயாளியிடம் விரைந்தோடும் குழுவொன்றை அமைத்தார். பயன் சிறிதே கிட்டியது. குழு வந்து சேருமுன் காலம் கடந்துவிட்டிருந்தது. எனவே 1962இல் மாரடைப்பு நோயாளரை ஓரிடத்திற் சேர்த்துக் கண்காணிக்கும் பிரிவை அவர் தொடங்கினார். இத்தகைய பிரிவை 1961இலேயே பிரித்தானியாவில் முன்மொழிந்த டெஸ்மண்ட் யூலியன், வைத்தியர் இல்லாதபோது பயிற்சிபெற்ற தாதியர் உயிர்மீட்பைத் தொடங்கவேண்டும் என்பதையும் தம் திட்டத்தின் கூறாகக் கொண்டிருந்தார்.

இக்கருத்தைச் செயலாக்கியோருட் குறிப்பிடத்தக்கோர் பிலடெல்பியாவின் லோரன்ஸ் மெல்ற்சரும் தாதி றோஸ் பின்னியோவுமாவர். நோயை அறிதலும் சிகிச்சையைத் தீர்மானித்தலும் வைத்தியருக்கே உரியன. பணித்ததைச் செய்தலே தாதியின் கடமை என்பது அக்காலக் கோட்பாடு. மின்வரைபை வாசித்து, நடுக்கத்தை இனங்கண்டு, எவர் ஆணையையும் எதிர்பாராது அதிர்ச்சி கொடுக்கும் தாதி அக்கோட்பாட்டைத் தகர்த்தாள். 1965இல் இவ்விருவரும் மற்றொருவரோடு சேர்ந்து தாதியருக்கென எழுதிய கைந்நூல், இப்புதிய பணிக்குப் பாடநூலாயிற்று. 1967இல் நியூயோர்க்கில் கிலிப், கிம்பால் ஆகியோர் 250 நோயாளரைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், குருதியமுக்க வீழ்ச்சியால் அதிர்ச்சி நிலையை அடையாத மாரடைப்பு நோயாளரிடையே இறப்பு 26 வீதத்திலிருந்து 7 வீதமாகக் குறைந்திருந்தது. இதற்குக் கருவி மட்டும் காரணமன்று. அதனருகே அதிகாரத்துடன் நின்ற தாதியும் காரணமாவாள்.

இப்பின்னணியில் மீண்டும் சத்திரசிகிச்சைக்கூடத்தை நோக்குவோம். அங்கு வைத்தியர் உடனிருப்பதால் தாதியின் பணி எளிதென எண்ணுதல் தவறு. குருதியிழப்பாலோ ஒட்சிசன் குறைவாலோ நின்ற இருதயத்திற்கு மின்னதிர்ச்சி பயன்தராது. நடுக்கத்திற்கே அது மருந்து. மார்பு திறந்திருப்பின் 10 முதல் 20 யூல் வரையிலான சக்தி போதும். மூடிய மார்பின் மேல் இன்றைய கருவிகள் 120 முதல் 200 யூல் வரை செலுத்துகின்றன. இவ்வேறுபாட்டை அறிந்து, தொற்றுநீக்கிய தகடுகளை நீட்டுவதும், சக்தியைச் சரியாக அமைப்பதும், எவரும் நோயாளியைத் தொடாதிருப்பதை உறுதிசெய்வதும் தாதியர் கடமைகளாகும். இருதய சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வேளையிலோ அவர்கள் பொறுப்பு இன்னும் பெரிது. நடுக்கம் தோன்றின், மார்பை அழுத்தத் தொடங்குமுன்னரே மூன்று அதிர்ச்சிகளை அடுத்தடுத்துக் கொடுத்தல் வேண்டும் என்றும், அவை பயன்படாவிடின் 5 நிமிடங்களுள் மார்பை மீளத் திறத்தல் வேண்டும் என்றும் 2009இல் ஐரோப்பிய வழிகாட்டல் வகுத்தது. அவ்வேளையிற் படுக்கையருகே நிற்பவர் பெரும்பாலும் தாதியே.

காலத்தின் கணக்கும் இதனையே வற்புறுத்துகின்றது. 2008இல் அமெரிக்காவின் 369 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 6,789 நோயாளரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 30 வீதத்தினருக்கு அதிர்ச்சி 2 நிமிடங்களுக்கு மேல் தாமதித்திருந்தது. தாமதித்தோருள் 22 வீதத்தினரும் ஏனையோருள் 39 வீதத்தினரும் பிழைத்து வீடு திரும்பினர். கருவி இல்லாமையன்று, அது உரிய கணத்தில் இயக்கப்படாமையே அங்கு உயிரிழப்புக்கு வழிகோலியது.

தொகுத்து நோக்குமிடத்து, 1947க்கும் 1967க்கும் இடைப்பட்ட இருபதாண்டுகளில் நிகழ்ந்தவை இரண்டு மாற்றங்கள் எனலாம். ஒன்று கருவியில் நிகழ்ந்தது. மற்றொன்று நம்பிக்கையில் நிகழ்ந்தது. முன்னையதற்குப் பெயர்கள் உள, ஆண்டுகள் உள. பின்னையதை நிகழ்த்திய தாதியருட் பெரும்பாலானோர் பெயரற்றோர். அறிவைக் கற்பித்து அதிகாரத்தை மறுக்கும் எந்நிறுவனமும் கற்பித்ததன் பயனை இழக்கும் என்பதே அவர்தம் வரலாறு நமக்குரைக்கும் பாடமாகும்.