மருத்துவ ஆய்வுப் பணி: சல்லி இளையோரும் எட்டக்கூடிய தொழில்

புதிய மருந்தொன்று விற்பனைக்கு வருமுன் மனிதர்களிடம் சோதிக்கப்படுகிறது. இந்தச் சோதனையை வைத்தியர் மட்டும் நடத்துவதில்லை. நோயாளிக்கு விளக்கிச் சம்மதம் பெறுபவர், மருந்துக்குக் கணக்கு வைப்பவர், பதிவுகளைச் சரிபார்ப்பவர் எனப் பலர் தேவை.

இலங்கையில் 2016 இல் தொடங்கிய ‘ட்ரையம்ஃப்’ ஆய்வு நல்ல உதாரணம். 11 நகர்ப்புற வைத்தியசாலைக் கிளினிக்குகளில் உயர் இரத்த அழுத்தமுள்ள 700 பேர் சேர்க்கப்பட்டனர். மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்த ஒரே மாத்திரையை எடுத்தவர்களில் 70 சதவீதமானோர் ஆறு மாதத்தில் இலக்கு அழுத்தத்தை எட்டினர். வழக்கமான சிகிச்சையில் அது 55 சதவீதம். கிளினிக்கில் எடுத்த ஒவ்வோர் அளவீடும் சரியாகப் பதியப்பட்டிருந்தால்தான் இத்தகைய எண்களை நம்பலாம். பயிற்சி அவசியமாவது அதனால்தான்.

தாதியியல், மருந்தகவியல், ஆய்வுகூடத் தொழில்நுட்பம், உயிரியல் விஞ்ஞானம் படித்தவர்கள் இத்துறையில் நுழையலாம். சல்லிக்கு அண்மையில், கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கற்பிக்கப்படும் சித்த மருத்துவமும் ஒரு வழியே. சித்த மருந்துகளுக்கும் முறையான ஆய்வு தேவை.

முதற்படி, ‘நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை’ச் சான்றிதழ். 1996 இல் வகுக்கப்பட்ட இந்தச் சர்வதேச வழிகாட்டி 2025 இல் மூன்றாவது வடிவம் பெற்றது. ‘த குளோபல் ஹெல்த் நெட்வொர்க்’ இதற்கான பாடநெறியை இணையத்தில் இலவசமாக நடத்துகிறது. அடுத்து, 2006 முதல் இயங்கும் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டைப் பாருங்கள். எந்த ஆய்வு எங்கே நடக்கிறது என்பது அதில் தெரியும். அந்தக் குழுக்களிடமே உதவியாளர் வேலை கேட்கலாம். ஆய்வு இணைப்பாளராகத் தொடங்குபவர் பின்னர் கண்காணிப்பாளராகவும் தரவு முகாமையாளராகவும் திட்ட முகாமையாளராகவும் உயரலாம்.

வாய்ப்புகள் பெரும்பாலும் கொழும்பை அண்டியே உள்ளன. ஆனால் தமிழ் பேசும் நோயாளிகள் எங்கும் உள்ளனர். யாருக்கு எந்த மருந்து என்பது குலுக்கல் முறையில் முடிவாகிறது, சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கிடைக்கலாம், விரும்பிய நேரத்தில் விலகினாலும் வழமையான சிகிச்சை நிற்காது என்பவற்றை நோயாளி தன் மொழியில் விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்காமல் இட்ட கையெழுத்து சம்மதமாகாது. ஆகவே தமிழில் தெளிவாக விளக்கத் தெரிவதும் இந்த வேலைக்கு ஒரு தகைமைதான். சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்தால் வாய்ப்பு இன்னும் விரியும்.