ஸ்கிரிப்டிலிருந்து பொதி நிறுவிகளை இயக்குதல்

டெர்மினலில் ஒருவர் தட்டி இயக்கும் பொதி நிறுவல் கட்டளையை ஸ்கிரிப்டே இட்டு, முடிவைச் சோதித்து, அடுத்த வேலைக்குச் செல்வது இம்முறை. புதிய சர்வர்களைத் தயார் செய்யவும், டாக்கர் இமேஜ்களை உருவாக்கவும், தானியங்கிச் சோதனைகளை ஓட்டவும் இது அன்றாடம் பயன்படுகிறது. கட்டளை அதேதான், ஆனால் கேள்வி வந்தால் பதில் சொல்ல விசைப்பலகை முன் ஆள் இல்லை. பெரும்பாலான சிக்கல்கள் இதிலிருந்தே பிறக்கின்றன.

டெபியன், உபுண்டு இயங்குதளங்களில் பொதியைப் பிரித்து அமர்த்துவது டிபிகேஜி. சார்புப் பொதிகளைக் கண்டறிந்து தரவிறக்குவது ஆப்ட். 2014இல் வந்த ஆப்ட் 1.0 பதிப்பு முன்னிறுத்திய ‘ஆப்ட்’ என்ற சுருக்கமான கட்டளை, வண்ணமும் முன்னேற்றப் பட்டையும் காட்டி மனிதர்களுக்காக அமைந்தது. அதன் வெளியீட்டு வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். ஸ்கிரிப்டில் பயன்படுத்தும்போது எச்சரிக்கை தேவை என்று அதுவே செய்தி காட்டுகிறது. ஸ்கிரிப்டுக்கு உரியது பழைய ‘ஆப்ட்-கெட்’.

அதனுடன் ‘-ஒய்’ சேர்த்தால் எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்றாகிவிடும் எனப் பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. அந்த விருப்பம் ஆப்ட் கேட்கும் கேள்விக்கு மட்டுமே பதில். பொதிகளின் அமைப்புக் கேள்விகளை டெப்கான்ஃப் கேட்கிறது. நேர மண்டலத் தரவுப் பொதியான டிஇசட்டேட்டா ‘எந்தப் பகுதி?’ என்று கேட்டு, டாக்கர் பில்ட் அங்கேயே நின்றுவிடுவது பலரும் கண்டது. ‘டெபியன்_ஃப்ரண்ட்எண்ட்’ என்ற சூழல் மாறிக்கு ‘நான்இன்டராக்டிவ்’ என்ற மதிப்பைத் தந்தால் இக்கேள்விகள் எழா. சூடோ வழக்கமாகச் சூழல் மாறிகளைக் கழித்துவிடும் என்பதால், மாறியைச் சூடோவுக்குப் பின்னால் எழுத வேண்டும். நாம் திருத்திய அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று டிபிகேஜி கேட்பது வேறொரு கேள்வி. அதற்குத் தனி விருப்பங்கள் உண்டு.

புதிதாக எழுந்த சர்வரில் பின்னணிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்தால், பூட்டுக் கோப்பு கிடைக்காமல் ஸ்கிரிப்ட் தோற்கும். அக்கோப்பை அழித்துவிடச் சொல்லும் அறிவுரை ஆபத்தானது: இரு நிறுவிகள் ஒரே நேரத்தில் பொதித் தரவுத்தளத்தில் எழுதிச் சிதைக்கக்கூடும். பூட்டுக்காக எத்தனை நொடி காத்திருப்பது என்று குறிக்கும் விருப்பம் ஆப்டின் அண்மைப் பதிப்புகளில் இருக்கிறது.

பைத்தானில் சிக்கல் வேறு. பிப் நிறுவியும் பைத்தானில் எழுதப்பட்டது என்பதால், அதை இம்போர்ட் செய்து ‘மெயின்’ செயற்கூற்றை அழைக்கும் வழக்கம் பரவியது. 2018 ஏப்ரலில் வந்த பிப் 10 அதன் உள்நிரல்களை ‘_இன்டர்னல்’ என்ற பெயரின் கீழ் நகர்த்தியது. அவ்வாறு எழுதப்பட்ட பல நிரல்கள் உடைந்தன. பிப் தனிச் செயல்முறையாகவே ஓடும் என்று கருதி எழுதப்பட்டது. பிற நிரலுக்குள் ஓடுவதை அதன் ஆக்குநர்கள் ஆதரிப்பதில்லை. சரியான வழி, ‘சப்பிராசஸ்’ மாட்யூல் மூலம் ‘சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்’ காட்டும் பைத்தானையே ‘-எம் பிப்’ என்று அழைப்பது. ஒரே கணினியில் பல பைத்தான்கள் இருக்கும்போது, வெறும் ‘பிப்’ என்றால் பொதி வேறொன்றில் போய் அமரக்கூடும். பொதிப் பெயர் வெளியிலிருந்து வருமானால், கட்டளையை ஒரே சரமாக ஷெல்லிடம் தராமல் பட்டியலாகத் தருவது அவசியம். இல்லையேல் பெயரோடு ஒட்டிவரும் வேறு கட்டளையும் ஓடிவிடும்.

2023இல் வெளியான டெபியன் 12 முதல், இயங்குதளத்தின் பைத்தானுக்குள் பிப் நேரடியாக நிறுவ மறுக்கிறது. மறுப்பை மீறும் விருப்பத்தின் பெயரே ‘அமைப்புப் பொதிகளை உடை’ என்று பொருள்படும். ஸ்கிரிப்ட் முதலில் மெய்நிகர் சூழலை உருவாக்கி, அதற்குள் நிறுவுவதே முறை.

தோல்வியை அறிய வெளியேறு குறியீடு உதவுகிறது: பூச்சியம் வெற்றி, மற்றவை தோல்வி. ஆனால் வெளியீட்டைப் பதிவுக் கோப்பில் சேர்க்க ‘டீ’ கட்டளைக்குக் குழாய்வழி அனுப்பினால், பாஷ் வழக்கமாகக் கடைசிக் கட்டளையின் குறியீட்டையே தருகிறது. நிறுவி தோற்றாலும் ஸ்கிரிப்ட் வெற்றி எனக் கருதித் தொடரும். ‘பைப்ஃபெயில்’ அமைப்பை இயக்கினால் அத்தோல்வி வெளிப்படும்.